கடிகாரத்தைப் பார்க்காதே, மாவைப் பார்! - வீட்டில் செய்த முதல் சினமன் ரோல்

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விநோதமான பழக்கம் உண்டு. செய்தே பார்க்காத பலகாரங்களுக்கெல்லாம் தலைப்பு வைப்போம். ‘ஓவன் இல்லாமலே கேக்’, ‘10 நிமிடத்தில் மொறுமொறு ஸ்நாக்ஸ்’ என்று கடந்த 3 வருடங்களில் நான் டைப் செய்த தலைப்புகளை அடுக்கினால், ஒரு ஹோட்டலே நடத்தலாம். ஆனால், வீட்டில் ஒருநாள்கூட நான் மாவு பிசைந்தது கிடையாது. பிசைவதற்கு அம்மா இருந்தார்.

இந்த ஏப்ரலில் அம்மாவின் வலது மணிக்கட்டில் ஆபரேஷன் நடந்தது. கார்பல் டனல் சிண்ட்ரோம். மணிக்கட்டுக்குள் ஒரு குறுகலான பாதை இருக்கிறது. அதன் வழியாகப் போகும் நரம்பு நசுங்கினால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் எல்லாம் மரத்துப்போகும். ராத்திரியில் இன்னும் அதிகமாகும். 2 வருடங்களாக அம்மா நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருப்பார். கேட்டால், “வயசாகுதுல்ல” என்பார். காபி டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்த பிறகுதான் டாக்டரிடம் போகச் சம்மதித்தார்.

“மூணு மாசத்துக்குப் பிசையறது, பிழியறது, துணி துவைக்கிறது எதுவும் கூடாதும்மா. விரல்ல உணர்ச்சி மெதுவாத்தான் திரும்பும்” என்றார் டாக்டர். எவ்வளவு மெதுவாக என்று அம்மா கேட்டார். ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு மாதிரி என்று பதில் வந்தது. திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்பாவுக்கு சுகர் என்பதால் எங்கள் வீட்டில் தினமும் ராத்திரி சப்பாத்திதான். அது பாக்கெட் சப்பாத்தியாக மாறியது. அம்மா ஹாலில் உட்கார்ந்து இடது கையால் போனில் ரீல்ஸ் பார்க்க ஆரம்பித்தார். அப்படி ஒருநாள் பார்த்ததுதான் சினமன் ரோல். வட்ட வட்டமாகச் சுருண்ட பன், மேலே வெள்ளையாக வழியும் சர்க்கரை. “பட்டையைப் போட்டு ஸ்வீட்டா? வாசனை எப்படிடி இருக்கும்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நம் வீடுகளில் பட்டை என்றால் பிரியாணி, குருமா, சால்னா. ஸ்வீட் பக்கம் அதை அண்டவே விடமாட்டோம். அங்கே ஏலக்காய் ஆட்சி. என் ஆபீஸ் பக்கத்து காபி ஷாப்பில் ஒரு ரோல் 190 ரூபாய் என்றதும், “ஒரு பன்னுக்கா?” என்று அம்மா பேச்சை முடித்துவிட்டார். சரி, செய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். தீபாவளி எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் வாங்கிய ஓ.டி.ஜி. ஒன்று, தலையில் டப்பாக்களைச் சுமந்தபடி வருடக்கணக்கில் சமையலறை மூலையில் இருந்தது. அதற்கும் ஒரு வேலை.

இந்த ரோல் ஸ்வீடன்காரர்களின் செல்லப் பலகாரம். அங்கே இதற்கு கானெல்புல்லே என்று பெயர். 1999-லிருந்து அக்டோபர் 4-ம் தேதியை இதற்கென்றே ஒரு நாளாகக் கொண்டாடுகிறார்கள். ‘ஃபீகா’ எனப்படும் அவர்களின் காபி இடைவேளையில் இதற்குத் தனி இடம் உண்டு. எனக்குப் பிடித்த விஷயம், அவர்கள் மாவில் ஏலக்காய் சேர்ப்பார்கள் என்பது. ரீல்ஸில் வரும் க்ரீம் சீஸ் ஐஸிங் எல்லாம் அமெரிக்கப் பழக்கம். நான் ஸ்வீடன் கட்சி. க்ரீம் சீஸ் விலையைப் பார்த்தால் நீங்களும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிடுவீர்கள்.

பட்டையிலும் ஒரு விஷயம் உண்டு. நம் மளிகைக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது தடிமனான, மரப்பட்டை போலவே இருக்கும் காசியா ரகம். இலங்கைக் கறுவா அப்படியல்ல. சுருட்டு மாதிரி மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும், கையாலேயே நொறுக்கலாம், வாசனையும் மென்மை. காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். தினமும் நிறைய சாப்பிட்டால் கல்லீரலுக்கு ஆகாது. எப்போதோ ஒரு ரோலுக்குப் பயப்பட வேண்டாம். ஆனாலும் நான் கறுவாவே வாங்கினேன், மிக்ஸி ஜாரை நினைத்து.

மே மாதக் கடைசி ஞாயிறு. மைதா 300 கிராம், வெதுவெதுப்பான பால் 160 மில்லி, சர்க்கரை 40 கிராம், உருக்கிய வெண்ணெய் 45 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒன்றரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், பொடித்த ஏலக்காய் கொஞ்சம். பால் கை பொறுக்கும் சூட்டில்தான் இருக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். சமையல் மேடைக்குப் பக்கத்தில் அம்மா ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். வலது கை மடியில்.

மாவு விரலெல்லாம் ஒட்டியது. இன்னொரு பிடி மைதா போடலாம் என்று டப்பாவைத் திறந்தேன்.

“போடாத. மூடி வச்சிட்டுப் பத்து நிமிஷம் சும்மா இரு. மாவு தண்ணிய இழுத்துக்கும்.”

“ரெசிபில அப்படி இல்லையேம்மா...”

“ரெசிபி எழுதினவங்க உன் மாவைப் பார்த்தாங்களா?”

பத்து நிமிடம் கழித்துத் தொட்டால், அது வேறு மாவு. ஒட்டல் பாதியாகக் குறைந்திருந்தது. பிறகு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடி தள்ளி... “விரலால பிசையாத, தோள்ல இருந்து தள்ளு” என்றார் அம்மா. பன்னிரண்டாவது நிமிடத்தில் எனக்குத் தோளும் முழங்கையும் கழன்றுவிடும் போல இருந்தது. இதைத் தினமும், துணி துவைத்து, பாத்திரம் தேய்த்து முடித்த அதே கையால், 26 வருடங்களாகச் செய்திருக்கிறார். அந்த நரம்பு நசுங்காமல் என்ன செய்யும்?

பிசைந்தது போதுமா என்று பார்க்க, சின்ன உருண்டையை எடுத்து மெல்ல இழுக்க வேண்டும். கிழியாமல் சவ்வு மாதிரி விரிந்து, பின்னால் வெளிச்சம் தெரிந்தால் க்ளூட்டன் பின்னல் தயார். ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினேன். “பரோட்டா மாஸ்டர் வீசுற மாவு மாதிரி இருக்கு. போதும்” என்று பாஸ் மார்க் கிடைத்தது.

அடுத்து, மாவு உப்பும் நேரம். ரெசிபியில் ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருந்தது. அது குளிர் ஊர்க் கணக்கு. எங்கள் சமையலறை அன்று 35 டிகிரி. “மார்கழியில இட்லி மாவு கெஞ்சினாலும் பொங்காது. மே மாசம் மூடியைத் தள்ளிட்டு வெளிய வரும். கடிகாரத்தைப் பார்க்காத, மாவைப் பாரு” என்றார் அம்மா. நாற்பதாவது நிமிடத்தில் பார்த்தால், இரண்டு மடங்கு. மணியை நம்பி உட்கார்ந்திருந்தால் புளித்த கள் வாசனைதான் வந்திருக்கும்.

செவ்வகமாகத் தேய்த்து, மிருதுவான வெண்ணெய் 60 கிராம் தடவி, நாட்டுச் சர்க்கரை 80 கிராமும் பட்டைப் பொடி ஒரு டேபிள்ஸ்பூனும் கலந்து தூவினேன். பட்டைப் பொடியை ஏன் மாவிலேயே கலக்கக் கூடாது என்று கேட்கலாம். பட்டைக்கு வாசனை தரும் சினமால்டிஹைடு, ஈஸ்ட்டின் வேகத்தைக் குறைத்துவிடும். அதனால்தான் அது எப்போதும் உள்ளே பூரணமாக வருகிறது.

பாய் மாதிரி இறுக்கமாகச் சுருட்டியதும், வெண்ணெய் சென்னை வெயிலுக்கு உருகி வழியாமல் இருக்க 15 நிமிடம் ஃப்ரிட்ஜில். வெட்டுவதற்குக் கத்தி வேண்டாம், நசுக்கிவிடும். பூ கட்டும் நூலை அடியில் கொடுத்து, இரண்டு முனைகளையும் மேலே குறுக்காக மாற்றி இழுத்தால், அழகாக அறுபடும். புது நூல்கண்டு எடுங்கள், மல்லிகை வாசனையோடு ரோல் வேண்டாம்.

தட்டில் 9 ரோல்கள். இவை இன்னொரு முறை உப்ப வேண்டும். தயாரா என்று பார்க்க விரலால் லேசாக அழுத்த வேண்டும். பள்ளம் சட்டென்று எழும்பினால் இன்னும் நேரமாகும், மெதுவாக எழும்பினால் ஓவனுக்குத் தயார். இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தார். வலது கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் ஒரு ரோலை அழுத்தினார்.

“மெத்துனு இருக்குடி.”

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. “தெரியுதாம்மா?”

பதில் சொல்லாமல் அடுத்த ரோலைக் கட்டைவிரலால் அழுத்தினார். பிறகு மறுபடி ஆள்காட்டி விரல். பிறகு நடுவிரல். “இந்த ரெண்டுலயும் தெரியுது. நடுவிரல்ல இன்னும் துணி சுத்தின மாதிரிதான் இருக்கு” என்றார். ஒன்பது ரோல்களையும் மூன்று விரல்களாலும் அழுத்திப் பார்த்தார். நான் தடுக்கவில்லை. ரோல்கள் கொஞ்சம் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டன. ஓவனுக்குள் உப்பியதும் முக்கால்வாசி மறைந்தும்விட்டன.

180 டிகிரியில் 22 நிமிடம். பதினைந்தாவது நிமிடம் வந்ததே, அந்த வாசனை! வெண்ணெயும் நாட்டுச் சர்க்கரையும் பாகாகி, அதில் பட்டை வேகும் வாசனை. “பிரியாணி தாளிச்ச மாதிரி இருக்கும்னு நெனச்சேன். இது வேற என்னமோ” என்றார் அம்மா. அப்பா பாதி ரோல் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மீதிப் பாதியை ‘டேஸ்ட்’ பார்த்தார். அம்மாவின் தீர்ப்பு: பன் நன்றாக இருக்கிறது, இனிப்பு அதிகம், அடுத்த முறை 50 கிராம் சர்க்கரை போதும்.

மறுநாள் முதல் பாக்கெட் சப்பாத்தியை நிறுத்திவிட்டோம். கோதுமை மாவு என் பொறுப்பு. ஜூலையில்தான் டாக்டரிடம் அடுத்த செக்கப். அதுவரை அம்மாவுக்குப் பிசைய அனுமதி இல்லை. ஆனால், நான் பிசைந்து முடித்ததும் ஸ்டூலில் இருந்து எழுந்து வந்து மாவை ஒருமுறை அழுத்திப் பார்க்கிறார். “நடுவிரல் எப்படிம்மா இருக்கு?” என்று தினமும் கேட்கிறேன். “உப்பு கொஞ்சம் கம்மி” என்கிறார்.