யோசனை கூடினால் எங்கே போவது?

போன வருடம் இரண்டாம் தவணையில் எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒருவன் தொடர்ந்து வரவில்லை. உம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தோம்.

"டீச்சர், ராவைக்கு நித்திரையே வரல்ல. யோசனை கூடிப் போச்சு. விடிஞ்சா எழும்ப ஏலாமக் கிடக்கு" என்று அழுதார்.

ஆஸ்பத்திரியில் மனநல கிளினிக் நடக்கும் நாளை எழுதிக் கொடுத்து அனுப்பினோம். எங்கள் கடமை முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

அவர் போகவில்லை. மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது, "ரெண்டு பஸ் மாறணும் டீச்சர். கைப்புள்ளைய ஆரிட்ட விடுற?" என்றார்.

அந்தப் பதில் எங்களைச் சுட்டது. ஸிம்பாப்வே மனநல வைத்தியர் டிக்ஸன் சிபான்டா சொன்ன கதை இதேதான். 2005இல் அவரிடம் சிகிச்சை பெற்ற ஓர் இளம்பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரவில்லை என்று கேட்டதற்குத் தாய் சொன்ன காரணம்: பஸ்ஸுக்கு 15 டொலர் இல்லை.

நோயாளி தேடி வரட்டும் என்று ஆஸ்பத்திரியில் காத்திருப்பது போதாது என்று அவருக்கு விளங்கியது. ஆனால் அந்த நாட்டில் மனநல வைத்தியர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். 2006இல் ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் தொடங்கியபோது கிளினிக்கில் அவருக்கு ஓர் அறைகூடக் கிடைக்கவில்லை. கிடைத்தது 14 மூதாட்டிகளும் வெளியே போட்ட ஒரு வாங்கும்.

'மனநல வாங்கு' என்று பெயர் வைத்தார். உட்கார ஆள் வரவில்லை. மூதாட்டிகள்தான் அதை 'சிநேக வாங்கு' ஆக்கினார்கள். மனச்சோர்வு என்ற வைத்தியச் சொல்லும் வேண்டாம், சனங்கள் சொல்லும் 'குஃபுங்கிசிசா' போதும் என்றார்கள். ஷோனா மொழியில் அதற்கு அர்த்தம், அளவுக்கு மிஞ்சி யோசித்தல். அந்த உம்மா எங்களிடம் சொன்ன அதே சொல்!

அவர்கள் செய்வது இதுதான். முதலில் கேட்பார்கள். பிறகு, இருக்கிற பிரச்சினைகளில் ஒன்றை மட்டும் தெரிவு செய்யச் சொல்வார்கள். அதற்கு என்ன செய்யலாம் என்பதை வந்தவர் வாயாலேயே வரவழைப்பார்கள். அடுத்த முறை, என்ன நடந்தது என்று விசாரிப்பார்கள். கடுமையான நோய் என்று கண்டால் மேலே அனுப்புவார்கள்.

சிபான்டா அதை அளந்தும் பார்த்தார். 24 கிளினிக்குகளில் 573 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்து, வழமையான கவனிப்புப் பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. வாங்கில் இருந்து பேசியவர்களில் 100க்கு 14 பேருக்குத்தான்.

பிந்தியாவது எங்களுக்குப் புத்தி வந்தது. எங்களில் ஒருவர் அந்த உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். இன்னொருவர் கைப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். உம்மாவுக்கு இன்னும் முழுச் சுகமில்லை. ஆனால் பிள்ளை பாடசாலைக்கு வருகிறான்.

நாங்கள் வைத்தியர்கள் இல்லை. பாடசாலை கேற்றடியில், பெற்றோர் காத்திருக்கும் வேம்புக்குக் கீழே ஒரு வாங்கு இருக்கிறது. காது கொடுத்துக் கேட்கக்கூடிய, கேட்டதை வெளியே விடாத மூத்தம்மாமார், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஊரில் எத்தனை பேர்! முறையாகப் பழகிக்கொண்டு இதைச் செய்ய விருப்பமானவர்கள் எங்களோடு பேசுங்கள்.

அதுவரை, யாராவது "யோசனை கூடிப் போச்சு" என்றால் விலாசம் மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பாதீர்கள். கூடப் போங்கள். அவசரம் என்றால் 1926, தேசிய மனநல உதவி இலக்கம்.