எட்டா, மூணா

மருத்துவர் புத்தகத்தைத் திறந்து முதல் பக்கத்தைக் காட்டினார். 12 என்றேன். அடுத்த பக்கம், 3. "நல்லாப் பாருங்க தம்பி" என்றார். நல்லாப் பார்த்தாலும் 3தான். மற்றவர்களுக்கு அங்கே 8 தெரியுமாம். இஷிஹாரா என்ற ஜப்பானியர் 1917இல் வெளியிட்ட புள்ளிப் படங்கள்.

இஞ்சினியரிங் முடித்த வருடம், சென்னை. பயிற்சி விமானியாக டிஜிசிஏவின் இரண்டாம் வகுப்பு மருத்துவத் தகுதி வேண்டும். ரத்தம், ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே, ஆடியோகிராம் என்று கோப்பு தடித்திருந்தது. எல்லாம் சரி. இருட்டறையில் விளக்கைக் காட்டிக் கேட்டபோதும் சிவப்பையும் பச்சையையும் மாற்றிச் சொன்னேன். "கமர்ஷியல் லைசென்ஸை மறந்துடுங்க" என்றார். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் தங்கச்சிமடத்துக்கு பஸ் ஏறினேன்.

உச்சிப்புளி கடற்படைத் தளத்து விமானங்களை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவன் நான். விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்த கலாம் கதையை எங்களூரில் யார் வேண்டுமானாலும் ஆறுதலாகச் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். எரிச்சலாக இருந்தது. அம்மா மட்டும், "உன் மாமனுக்கும் அப்படித்தான்டா" என்றாள். இந்தக் குறை தாய்வழியாகத்தான் வரும்.

மாமா முப்பது வருடம் விசைப்படகு ஓட்டியவர். படகுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. "ராத்திரில எதிர வர்ற போட்டு எந்தப் பக்கம் போகுதுன்னு எப்படி மாமா தெரியும்?"

"பக்கத்துல இருக்கிறவன்கிட்ட கேப்பேன். அவன் தூங்கிட்டான்னா வெளக்கு நகருதான்னு பாப்பேன். நகர்ற வெளக்கு நம்மள விட்டுப் போயிரும் மாப்ளே. நகராத வெளக்குத்தான் மேல வந்து விழும்."

2022இல் டெக்சாஸில் வேலை. ஆசை விடவில்லை. எஃப்ஏஏவின் மூன்றாம் வகுப்புக்குப் போனேன். ஈசிஜி கிடையாது. காதுப் பரிசோதனை என்றால், முதுகைக் காட்டி நிற்க, ஆறடி தள்ளி நின்று டாக்டர் பேசுவார், அவ்வளவுதான். புள்ளிப் படத்தில் மறுபடி தோற்றேன். ஆனாலும் அவரே அங்கேயே சான்றிதழை அச்சிட்டுக் கையெழுத்துப் போட்டார். இந்தியாவில் பரிசோதிப்பவர் அனுப்ப, டிஜிசிஏ முடிவு சொல்லும். என் சான்றிதழில் ஒரு வரி கூடுதல்: இரவில் பறக்கக்கூடாது, வண்ண சமிக்ஞையை நம்பிப் பறக்கக்கூடாது. நாற்பது வயதுக்குள் என்பதால் 60 மாதம் செல்லும்.

அமெரிக்கா தாராளம் என்று நண்பர்களிடம் கொஞ்ச நாள் அளந்துகொண்டிருந்தேன். அது நியாயமான ஒப்பீடு இல்லை. சென்னையில் நான் கேட்டது பிழைப்பு, இங்கே கிடைத்தது பொழுதுபோக்கு. இரு நாடுகளுக்கும் அடிப்படை ஐசிஏஓவின் முதலாம் இணைப்புதான். இன்சுலின் போடுபவர் தகுதியற்றவர் என்கிறது அது. பிரிட்டனும் அமெரிக்காவும் அதிலிருந்து விலகிவிட்டன. அதே அமெரிக்காதான் 2025 ஜனவரி முதல் புதிதாக வருபவர்களுக்குப் புள்ளிப் புத்தகத்தை ஒதுக்கிவிட்டு, கணினி வண்ணச் சோதனையைக் கட்டாயமாக்கியது.

இரண்டாவது பாடத்தில் பயிற்சியாளர் கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். தூரத்தில் ஒரு விமானம். "கண்ணாடியில் அது இடம் மாறினால் கவலையில்லை. ஒரே இடத்தில் நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால் உடனே விலகு."

அன்றிரவே மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அவருக்கு எந்த ஊரு மாப்ளே?"