தங்கத் தெருவும் தோமையார் ஆலயமும்: சில குறிப்புகள்

ஜிந்துப்பிட்டியிலிருந்து செட்டியார் தெருவுக்கு நடந்தே போய்விடலாம். கொழும்பின் தங்க வியாபாரம் அங்கே. இங்கே, ஆளுநர் பிரவுன்றிக் காலத்தில், 1815இல் கட்டப்பட்ட தோமையார் ஆலயம். தமிழ் அங்கிலிக்கன் சபை. கொழும்புச் செட்டிக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தாய்க்கோயில். வணிகத்தில் பொருள் தேடிய சமூகமும் அப்பொருளைக் கேள்வி கேட்கும் வேதமும் இருநூறு ஆண்டுகளாக அடுத்தடுத்து வாழ்கின்றன.

*

தோமையாரைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. வேதாகமத்தில் சேராத, மூன்றாம் நூற்றாண்டுச் சிரியாக் மொழி நூலில் வருவது. கொண்டபோரஸ் என்ற அரசன் மாளிகை கட்டச் சொல்லி அவரிடம் பணம் கொடுக்கிறான். தோமையார் அவ்வளவையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். அரசன் அவரைச் சிறையில் அடைக்கிறான். செத்துப் பிழைத்த அரசனின் தம்பி வந்து, அண்ணனுக்கான மாளிகையை விண்ணுலகில் கண்டதாகச் சொல்கிறான். கதை எப்படியோ, அரசன் உண்மையானவன். அவன் பெயர் பொறித்த காசுகள் 19ஆம் நூற்றாண்டில் கிடைத்தன. காசு இன்று காட்சிப் பொருள். கொடுத்த கதையைத்தான் சனம் இன்னும் சொல்கிறது.

*

கொச்சிக்கடை ஆலயத்து அந்தோனியாருக்கும் இப்படி ஒரு மரபுக்கதை. வட்டிக்குக் கொடுத்துச் சேர்த்த ஒருவனின் சாவீட்டில், அவனுடைய இதயம் பணப்பெட்டிக்குள் கிடக்கிறது என்று அவர் பிரசங்கிக்கிறார். பெட்டியைத் திறந்தால் அங்கேதான் இருக்கிறது. செவ்வாய்தோறும் கொச்சிக்கடையில் மெழுகுதிரி கொளுத்துகிற நாம், கடன் தீரவும் வியாபாரம் பெருகவும் கேட்கிறோம். கேட்கலாம். இந்தக் கதையையும் கூடவே நினைக்க வேண்டும்.

*

சாலொமோன் கிபியோனில் ஞானத்தைக் கேட்டார். செல்வமும் சேர்ந்து கிடைத்தது. ஞானத்தைக் கேட்டால் பணம் தானாக வரும் என்று இதை வைத்துப் போதிப்போர் உண்டு. அவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஆண்டுக்கு 666 தாலந்து பொன் வந்த அதே அரசு, மக்கள்மேல் சுமத்திய பாரத்தால் அவர் மகன் காலத்தில் இரண்டாக உடைந்தது. ஞானம் செல்வத்தைக் கொண்டுவரலாம். வந்த செல்வம் அந்த ஞானத்தையே தின்றும்விடும்.

*

வறுமையும் ஞானமாகிவிடாது. நீதிமொழிகளில் ஆகூர் என்பவர் தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம், அன்றாட உணவு போதும் என்று வேண்டுகிறார். நிறைந்தால் கடவுளை மறப்பேன், இல்லாவிட்டால் திருடுவேன் என்பது அவர் பயம். 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அந்த நாட்களில் அரிசிக்கும் மருந்துக்கும் தாலிக்கொடியை அடகு வைத்தவர்களிடம் போய்ப் போதுமென்ற மனதைப் போதிப்பது பாவம். ஆகூரின் ஜெபத்தை முதலில் படிக்க வேண்டியவர்கள் பணம் இருப்பவர்கள்தான்.

*

யோபுவின் புத்தகம், பொன்னுக்குச் சுரங்கம் உண்டு, ஞானம் விளைகிற இடம் எது என்று கேட்கிறது. யாக்கோபின் நிருபம் நேரே கணக்குக்கு வருகிறது: பிடித்துவைத்த கூலி கடவுளின் காதுவரை கூக்குரலிடும்.

ஆகவே கடை வைத்திருக்கும் சபையாருக்கு ஒரு சொல். மூட்டை சுமந்த நாட்டாமியின் கூலியை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். காணிக்கை அதற்குப் பிறகு.