பறக்கும் ஆம்புலன்ஸுக்கு யார் எஃப்.சி. கொடுப்பது?

பி.காம். படிக்கிறவனுக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும் என்கிறீர்களா? நாமக்கல்காரனுக்கு எஃப்.சி. தெரியுமே! புது லாரிக்கு இரண்டு வருஷம், எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம். அது போதும், ஆரம்பிக்கலாம்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த 'ஈபிளேன்' நிறுவனம் 2025 பிப்ரவரியில் ஒரு ஒப்பந்தத்தை அறிவித்தது. 788 பறக்கும் ஆம்புலன்ஸ்கள், மதிப்பு 100 கோடி டாலருக்கு மேல். திட்டம், மாவட்டத்துக்கு ஒன்று. அப்படியானால் சேலத்துக்கு ஒன்று, நாமக்கல்லுக்கு ஒன்று! பாட்டரியில் ஓடும், ரன்வே வேண்டாம், நின்ற இடத்திலிருந்தே எழும்பும். தொப்பூர் கணவாயில் அடிபட்டவரை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் இதற்கான எஃப்.சி. வேறு ரகம். லாரியை ஓட்டிய பிறகு பார்க்கிறார்கள். விமானத்தில் முதலில் டிசைனுக்கே 'டைப் சர்டிபிகேட்' வாங்க வேண்டும். இங்கே கொடுப்பது டி.ஜி.சி.ஏ. ஹெலிகாப்டரில் இன்ஜின் நின்றாலும் பெரிய விசிறி காற்றில் சுழன்று மெல்ல இறக்கிவிடும். சின்னச் சின்ன விசிறிகளால் அது முடியாது. அதனால் ஒரு மோட்டார் போனாலும் மற்றவை தாங்க வேண்டும், பாட்டரியில் ஒரு செல் எரிந்தாலும் தீ பரவக் கூடாது. நகரத்துக்கு மேலே பயணிகளை ஏற்றிச் செல்பவற்றுக்கு ஐரோப்பா 2019-ல் வைத்த அளவு: உயிரைக் குடிக்கும் கோளாறு 100 கோடி மணி நேரத்தில் ஒன்றுக்கு மேல் கூடாது. ஒரே விமானம் இரவு பகலாகப் பறந்தால் சுமார் 1,14,000 வருஷம்! பறந்து காட்டி நிரூபிக்க முடியாது. ஒவ்வொரு பாகத்தையும் சோதித்து, கணக்குப் போட்டுத்தான் காட்ட வேண்டும்.

இங்கேதான் என் பாடம் வருகிறது. சர்டிபிகேட் வரும்வரை ஆர்டர் வருமானம் ஆகாது. சம்பளமும் வாடகையும் மட்டும் நிற்காது. ஜெர்மனியின் லிலியம் நிறுவனத்திடம் ஆர்டர்கள் இருந்தன. சர்டிபிகேட் வருவதற்குள் காசு தீர்ந்து 2024-ல் திவால் மனு போட்டது. அந்த நெருக்கடியில் 'கொஞ்சம் தளர்த்துங்களேன்' என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். தாமதமானால் உயிர்கள் போகுமே என்ற வாதமும் பொய்யில்லை.

ஆனால் டாக்ஸியில் ஏறுகிறவர் பயமாக இருந்தால் இறங்கிவிடலாம். ஆம்புலன்ஸில் கிடப்பவருக்கு நினைவே இருக்காது. அவருக்காக 'சரி' சொல்வது அந்தச் சர்டிபிகேட் ஒன்றுதான். ஆகவே அரசு உதவ நினைத்தால் சோதனைச் செலவுக்குப் பணம் கொடுக்கட்டும், சோதனையைக் குறைக்க வேண்டாம். செலவு வரிப்பணமாக என் தலையில் விழுந்தாலும் பரவாயில்லை, விமானம் விழக் கூடாது.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?