பல்லாவரம் போர்டு

இன்று ஒரு ரயில்வே ஸ்டேஷன் கதை.

இங்கிலாந்தில் அட்ல்ஸ்ட்ராப் என்று ஒரு சிற்றூர். 1914 ஜூன் 24 அன்று எட்வர்ட் தாமஸ் என்பவர் போன ரயில் அங்கே சற்று நேரம் நின்றது. வெயில், வெறிச்சோடிய பிளாட்பாரம், ஒரு பறவையின் குரல். அவ்வளவுதான். அதைப் பதினாறு வரிக் கவிதையாக எழுதினார். 1917-இல் போர்முனையில் இறந்துபோனார்.

1963-இல் அந்த நாட்டில், 2,000-க்கும் அதிகமான ஸ்டேஷன்களை மூடிவிடலாம் என்று வரவு செலவு பார்த்து ஓர் அறிக்கை வந்தது. அட்ல்ஸ்ட்ராப் ஸ்டேஷனை 1966-இல் மூடினார்கள். இன்றும் ரயில் அந்த வழியாகப் போகிறது, நிற்பதில்லை. ஆனால் ஸ்டேஷனின் பெயர்ப் பலகையும் ஒரு பெஞ்சும் ஊர் பஸ் ஸ்டாப் நிழற்குடையில் பத்திரமாக இருக்கின்றன. காரணம் அந்தப் பதினாறு வரிகள்.

பம்மல்காரர்களான நமக்கு ஸ்டேஷன் என்றால் பல்லாவரம். 1931-லேயே பீச்–தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. என் அப்பா அதில்தான் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போய்வந்தார். விடிவதற்கு முன்பே பம்மலிலிருந்து நடை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திரும்பி வரும்போது மீனம்பாக்கம் தாண்டி மலை தெரிந்ததும் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார்.

நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பீச்சுக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்து இறங்கியதும் மஞ்சள் போர்டைக் காட்டி, "என்ன எழுதியிருக்கு, படி" என்றார். எழுத்துக் கூட்டி, "பல்லாவரம்" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இத்தனை வருஷமா அதான் போட்டிருக்கா?" என்றார்.

பிறகு முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தேன். நான் ஆசிரியரானது அந்த பிளாட்பாரத்தில்தான் என்று தோன்றும்.

பல்லாவரத்துக்கு வரலாற்றில் இடம் உண்டு. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் ஆதிமனித வரலாறே அதிலிருந்து தொடங்குகிறது. அந்தக் கல்லைச் செதுக்கியவனின் பெயர் யாருக்கும் தெரியாது. அவன் எழுதத் தெரியாதவன், போகட்டும். அந்த மீட்டர் கேஜ் ரயிலில் கூலிக்கும் ஆபீசுக்கும் போய்வந்தவர்களின் கதையுமா அப்படிப் போக வேண்டும்? 2004-இல் அந்த ரயில் நின்றுவிட்டது. அதில் ஏறி இறங்கியவர்கள் பலர் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அப்பாவைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. மேலே எழுதியதுதான் மிச்சம்.

கவிதையெல்லாம் வேண்டாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் எந்த ஸ்டேஷனில் ஏறினார்கள், எந்த வேலைக்குப் போனார்கள் என்று கேட்டு, கமெண்டில் நாலு வரி எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை, மார்க் குறைக்க மாட்டேன்.