ஓரெழுத்து வேற்றுமை

அரபு மொழியில் வலி தணிக்கும் மருந்துக்கு ‘முஸக்கின்’ என்று பெயர். போதை தரும் பொருளுக்கு ‘முஸ்கிர்’ என்று பெயர். உயிர்க்குறி இடாமல் எழுதினால் இரண்டிற்கும் கடைசி ஓரெழுத்தே வேற்றுமை. அங்கே நூன், இங்கே ரா. முப்பதாண்டுகளாக மாணவர்க்கு வேர்ச்சொல் கற்பித்துவரும் நாம், சென்ற ஆண்டு இவ்வேற்றுமையை நம் மனைவியாரிடம் எடுத்துரைத்தோம். உரைத்திருக்கக் கூடாது.

அவருக்கு ஒன்பது ஆண்டுகளாக இடுப்பிலிருந்து இடக்கால் வரை ஓடும் நரம்பு வலி. எலும்பு மருத்துவர், டிரமடாலும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை எழுதித் தந்தார். நரம்பு மருத்துவர் பிரிகாபலினை 75 மில்லிகிராமில் தொடங்கி 150 ஆக்கினார். உறக்கத்திற்கென்று வேறொன்றும் வந்து சேர்ந்தது. ஒருவர் எழுதியதை மற்றவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. பிஸ்கட் டப்பா ஒன்று மாத்திரைகளால் நிறைந்தது.

பஜ்ருத் தொழுகைக்கு நம்மை எழுப்பி வந்தவர், பாங்கொலி கேட்டும் எழாதவரானார். லுஹரில் எத்தனை ரக்அத் தொழுதோம் என்று நம்மையே கேட்டார். பேரனை மகன் பெயரால் அழைத்தார். (எல்லாப் பாட்டிமாரும் செய்வதுதான், அஞ்சிய மனத்திற்கு அதுவும் சான்றாகிவிடுகிறது.) டிரமடால் அபினைப் போல் மூளையில் செயற்படுவது என்றும், 2018 ஏப்ரலில் இந்திய அரசு அதனைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ்க் கொணர்ந்தது என்றும் படித்தோம். அன்றிரவுதான் அந்த நூன், ரா விளக்கம்.

அவர் மறுமொழி கூறவில்லை. மறுநாள் முதல் எல்லா மாத்திரைகளையும் விட்டுவிட்டார். இரண்டாம் இரவு வியர்த்துக் கொட்டியது, கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை, கண் மூடவில்லை. மூன்றாம் நாள் சுவரைப் பற்றி நின்றபடி, “நீங்க மாத்திரைய எண்ணுனீங்க. வலிய எண்ணலையே” என்றார்.

டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டு வேறொரு மருத்துவரிடம் சென்றோம். அவர் இரு சீட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். உடல் பழகிய மருந்தைத் திடீரென நிறுத்தினால் வரும் துன்பம் இது. இதைக் கொண்டு ஒருவரைப் போதைக்கு அடிமை என்று சொல்லலாகாது என்றார். நம் அச்சமும் முற்றிலும் வீணன்றாம். அம்மூன்றும் ஒருங்கே சேர்ந்தால் மயக்கம் மிகும், மூச்சே தளரக்கூடும். ஒவ்வொன்றாக, வாரக்கணக்கில் குறைக்க வேண்டும் என்று அட்டவணை எழுதித் தந்தார்.

இப்போது உறக்க மாத்திரை இல்லை. 150 மீண்டும் 75 ஆயிற்று. டிரமடால் இருக்கிறது, வலியும் இருக்கிறது.

முஸக்கின் பிறந்த அதே வேரிலிருந்துதான், அர்ரூம் அத்தியாயத்தின் 21ஆம் வசனத்தில் துணைவியரிடம் பெறும் அமைதியைக் குறிக்கும் சொல்லும் பிறந்தது. வகுப்பில் பலமுறை நடத்திய பாடம். அன்றிரவு அது நம் நினைவிற்கு வரவில்லை.

சென்ற வெள்ளியன்று பஜ்ருக்கு அவரே நம்மை எழுப்பினார். வலியால் இரவு முழுதும் விழித்திருந்தாராம்.