அப்பாவின் சம்பளம்

சென்ற மாதம் நெய்வேலியில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பட்டம் வாங்கிய அவர் பிள்ளை ஏழு வருஷமாக வீட்டோடுதான் இருக்கிறான்.

"வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் ஆனால், பட்டதாரிக்குச் சர்க்கார் மாதம் 600 ரூபாய் உதவித்தொகை தருகிறதே, தம்பி?" என்று கேட்டேன்.

"குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, அண்ணா. அப்பாதான் சுரங்கத்தில் சம்பளம் வாங்குகிறாரே!" என்று சிரித்தான்.

பெரியப்பா சிரிக்கவில்லை. அடுத்த வருஷம் அவருக்கு ஓய்வு. டவுன்ஷிப் வீட்டையும் காலி செய்தாக வேண்டும்.

வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை, வாஸ்தவம். ஆனால் பிள்ளைக்குத் தன் காசு என்று நாலு காசு வேண்டாமா?

வழியனுப்ப வந்தவன் பஸ் ஸ்டாண்டில், "காபி சாப்பிடலாம், அண்ணா" என்றான். கை சட்டைப்பையைத் துழாவியது. நான் கவனிக்காதவன்போல் முந்திக்கொண்டு காசைக் கொடுத்தேன்.